துண்டுக்குள் பேசிய விலை



இந்த வாரத் தியானப் பகுதி: அப்போஸ்தலர் 5:1–11.

அனனியா, சப்பீராள் வரலாற்றை நாம் பெரும்பாலும் காணிக்கைப் பிரசங்கத்துக்கே எடுத்துக்கொள்ளுகிறோம். நானும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் பிரசங்கித்து வந்தேன். கர்த்தருக்குரியதில் குறைவு வைக்காதே என்பது செய்தியாக இருக்கும். அன்றைக்குக் காணிக்கைப் பையும் சற்றுக் கனமாகவே திரும்பி வரும். ஆனால் அந்தப் பகுதியை அவசரமின்றி வாசித்துப் பாருங்கள். நிலத்தை விற்காமலே வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்தது, விற்ற பின்பு பணத்தைத் தங்களிடம் வைத்துக்கொள்ளவும் உரிமை இருந்தது என்பதைப் பேதுருவே ஒப்புக்கொள்ளுகிறார். சப்பீராளிடம் அவர் கேட்டது நிலம் இந்த விலைக்குத்தான் விற்கப்பட்டதா என்ற ஒரே கேள்வி. அவள் ஆம் என்றாள். ஆதித் திருச்சபைக்குள் முதன்முதலாக இறங்கிய நியாயத்தீர்ப்பு, ஒரு நிலத்தின் விலையைக் குறித்துச் சொன்ன பொய்யின்மேல் இறங்கியது.

சென்ற மாதம் வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி எழுந்து, "ஐயா, இந்த நிலப் புரோக்கர்களை நம்பலாமா? இரண்டு சதவீதம் வாங்கும் அளவுக்கு அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நம் ஊரில் தரகர் என்ற சொல்லைக் கேட்டால் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஏதோ ஒரு பதிலைச் சொல்லிக் கடந்து போனேன். முறையான பதிலை இங்கே எழுதுகிறேன். இது சிலருக்குக் கோபத்தை உண்டாக்கும் என்று அறிந்தே எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு தை மாதம். நமக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாயார், வீராணம் ஏரிப் பாசனத்தில் தமக்கிருந்த அறுபது சென்ட் நன்செயை மகளின் திருமணத்துக்காக விற்றார். ஊரறிந்த ஒரு தரகர் நடுவிலிருந்து பேசி முடித்தார். சென்ட் 25,000 ரூபாய், மொத்தம் 15,00,000. வாங்கியவரும் ஒரு விசுவாசியே, வேறு சபையைச் சேர்ந்தவர். வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பத்திரத்தில் 6,00,000 ரூபாய் மட்டும் காட்டுவது என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தொகை வரைவோலையாக வந்தது. மிச்சம் 9,00,000 ரொக்கமாகத் தரகர் கையினால் தாயாரிடம் வந்து சேர்ந்தது. தரகுக் கூலியாக நூற்றுக்கு இரண்டு வீதம் 30,000 ரூபாயை அவர் எண்ணிக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு துக்க வீட்டில், வாங்கியவரின் மனைவி எதேச்சையாகச் சொன்னார், அந்த நிலத்தைச் சென்ட் 32,000 கொடுத்து வாங்கினோம் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கியவர் கொடுத்தது 19,20,000. தரகர் நடுவில் எடுத்துக்கொண்டது 4,20,000. அதற்கு மேல் அந்தப் பக்கத்திலும் இரண்டு சதவீதம், 38,400. ஒரு தாயின் அறுபது சென்டிலிருந்து ஒரு மனிதர் 4,88,400 ரூபாய் கொண்டுபோனார்.

இதுவரை வாசித்தவர்கள், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். இந்தத் திருட்டு எதனால் கூடிற்று? பத்திரத்தில் உண்மையான விலை எழுதப்பட்டிருந்தால், அந்தத் தாயார் கையொப்பமிடும்போது 19,20,000 என்ற எண்ணைத் தம் கண்ணால் கண்டிருப்பார். அந்த எண்ணைப் பத்திரத்துக்கு வெளியே வைத்தது தரகர் மட்டுமல்ல. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த விரும்பினார் வாங்கியவர். எல்லாரும் செய்வதுதானே என்று சம்மதித்தார் விற்றவர். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக நூற்றுக்கு ஒன்பது என்பது அப்போது தமிழ்நாட்டில் இருந்த நிலவரம். உண்மை விலைக்கு அது 1,72,800 ஆகியிருக்கும். ஆறு லட்சத்துக்கு 54,000 ஆயிற்று. ஒரு விசுவாசி மிச்சம் பிடித்த 1,18,800 ரூபாய்க்காகத் தாழ்த்தப்பட்ட திரைக்குப் பின்னால்தான் ஒரு விதவையின் 4,20,000 ரூபாய் காணாமற்போயிற்று.

அந்தக் கிரயப் பத்திரத்தில் சாட்சிகள் இருவர். அவர்களில் ஒருவன் நான். பதிவு அலுவலக வாசலில் ஜெபம் செய்துவிட்டு உள்ளே போய்க் கையொப்பமிட்டேன். விலை ஆறு லட்சம் அல்ல என்பது அப்போதே எனக்குத் தெரியும். தரகர் நடுவில் எடுத்தது தெரியாது. ஆனால் எழுதியிருக்கும் எண் பொய் என்பது தெரியும். ஆகையால் தரகர்களைப் பற்றிச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்கள் பெட்டிகளில் இருக்கும் பத்திரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அறிவார்கள். தரகர் ஒரு துண்டைக் கையின்மேல் போர்த்துக்கொண்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. பல வேளைகளில் விற்பவரிடம் பிடித்த விரல் எத்தனை என்று வாங்குபவருக்கும் தெரியாது. ஒரு மாட்டோடு போகிற பேச்சு அது. நாமோ நம் முன்னோர் உழுது வைத்த நிலத்தையும் அதே துண்டுக்குள் பேசுகிறோம். துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர் தரகர்தான். ஆனால் அதைப் போர்த்தும்படி கேட்டவர்கள் நாம்.

வேதத்தில் நிலம் கைமாறும் இடங்களைத் தேடிப் படியுங்கள். ஆதியாகமம் 23இல் ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்குகிறார். அங்கேயும் நடுவர்கள் உண்டு. எப்பெரோனிடம் தனக்காகப் பேசும்படி ஏத்தின் புத்திரரைத்தான் அவர் வேண்டிக்கொள்ளுகிறார். ஆகவே நடுவில் ஒருவர் நின்று பேசுவது பாவமல்ல. ஆனால் அந்த நடுவர்கள் அறிமுகப்படுத்தியதோடு ஒதுங்குகிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் முகத்துக்கு முகம் பேசுகிறார்கள். நானூறு சேக்கல் என்ற விலை பட்டணத்து வாசலில் எல்லாருடைய காதும் கேட்கச் சொல்லப்படுகிறது. வெள்ளி எல்லாருக்கும் முன்பாக நிறுக்கப்படுகிறது. வயல், குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள்வரை எழுதினாற்போல் சொல்லப்படுகின்றன. எரேமியா 32இல் முற்றுகைக்குள் இருக்கும் எருசலேமில், காவலில் அடைபட்டிருக்கும் தீர்க்கதரிசி, ஆனதோத்தில் உள்ள நிலத்தைப் பதினேழு சேக்கலுக்கு வாங்குகிறார். சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். திறந்த பத்திரம் எதற்காக? யார் வேண்டுமானாலும் வாசித்துப் பார்ப்பதற்காக. பட்டணம் விழப்போகிறது, வரி வாங்க அரசனே இருக்கப்போவதில்லை. அப்படிப்பட்ட நாளிலும் எரேமியா எண்ணைக் குறைத்து எழுதவில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தரகருக்குக் கூலி தகுமா?

தகும். இதை அழுத்தியே சொல்லுகிறேன், ஏனெனில் விசுவாசிகள் பலர் இதிலும் தவறு செய்கிறார்கள். வேலையைத் தெரிந்த ஒரு தரகர் செய்வது சிறிய காரியமல்ல. ஐந்து பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் வளைகுடாவில், ஒருவர் பேச்சில்லாமல் இருக்கும் குடும்பத்தில் எல்லாருடைய கையொப்பத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது, வரப்பில் நின்று புலப்பட வரைபடத்தையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, வாய்க்காலிலிருந்து தண்ணீர் வரும் வழியும் வண்டி போகும் பாதையும் பத்திரப்படி உண்டா, பக்கத்து நிலத்துக்காரரின் தயவில் நடக்கிறதா என்று விசாரிப்பது, பட்டாவில் இருக்கும் பெயருக்கும் தாய்ப் பத்திரத்தில் இருக்கும் பெயருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பக் காகிதம் தேடி அலைவது, இவையெல்லாம் உழைப்பு. பதிவு முடியும்வரை அவரை "அண்ணே, அண்ணே" என்று அழைத்துவிட்டு, முடிந்த மறுநாள் "பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று பேசிய கூலியை அறுத்துவிடுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பிடித்து வைக்கப்பட்ட கூலியைக் குறித்து எழுதியிருப்பது வயல் அறுத்தவனுக்கு மட்டுமல்ல, வயலைப் பேசி முடித்தவனுக்கும் பொருந்தும்.

குமராட்சிப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இன்று அவர் இல்லை. சைக்கிளில்தான் வருவார். சபைக்காக ஒரு மனையைப் பார்க்கச் சொல்லியிருந்தோம். விற்பவர் கேட்ட விலை குறைவு, மூப்பர்கள் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அவர் மூன்று நாள் அலைந்து திரும்பிவந்து, "வேண்டாம் ஐயா, அதில் ஒரு தங்கச்சி கையெழுத்து இல்லை, பாதையும் வழக்கில் இருக்கிறது" என்றார். நாங்கள் வாங்கவில்லை. அந்த மூன்று நாளுக்காக நாங்கள் அவருக்குக் கொடுத்தது ஒரு டம்ளர் காபி. விற்பனை நடக்காததால் தரகு இல்லை. அவரும் கேட்கவில்லை. வாங்குங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் இருபுறமும் கூலி வாங்கியிருப்பார். சபை இன்றைக்கும் நீதிமன்றப் படியில் நின்றுகொண்டிருக்கும்.

இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. தரகர்கள் கெட்டவர்கள் என்பதல்ல என் வாதம். அவர்களுக்கு நாம் கூலி கொடுக்கும் முறை கெட்டது என்பதே. விற்பவரிடமும் இரண்டு, வாங்குபவரிடமும் இரண்டு, அதுவும் பதிவு முடிந்தால் மட்டும். விற்பவருக்கு விலை ஏற வேண்டும். வாங்குபவருக்கு விலை இறங்க வேண்டும். இருவருக்கும் ஒரே ஆள் எப்படி ஊழியம் செய்வார்? இரண்டு எஜமான்களைக் குறித்து நம் ஆண்டவர் சொன்னதை நாம் பணத்துக்கும் தேவனுக்கும் நடுவே மட்டும் வைத்துப் பிரசங்கிக்கிறோம்; அந்த உவமைக்கு அடிப்படையே அன்றாட வேலைக்கார அனுபவம் அல்லவா? ஒரே வழக்கறிஞரை வாதியும் பிரதிவாதியும் அமர்த்துவார்களா? நிலத்தில் மட்டும் அமர்த்துகிறோம். "வேண்டாம்" என்று சொன்னால் ஒரு பைசாவும் இல்லை, "வாங்கு" என்றால் இரட்டைக் கூலி என்று வைத்துவிட்டு, அவர் ஏன் உண்மை பேசவில்லை என்று கேட்கிறோம்.

"ஐயா, அரசாங்கம் தரகர்களுக்குச் சட்டம் கொண்டுவந்திருக்கிறதே" என்பீர்கள். உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட மனைத் திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் முகவர், தாமும் ஆணையத்தில் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். பெறாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 2017 முதல் தமிழ்நாட்டிலும் ஆணையம் இருக்கிறது. மனை வாங்கப் போகிறவர்கள் அந்த எண்ணைக் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆனால் அந்தச் சட்டம் திட்டங்களுக்கானது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் போடும் திட்டம் பதிவுக்கே வராது. நம் ஊரில் தனியொருவர் தனியொருவருக்கு விற்கும் அறுபது சென்ட் நன்செய்க்கும், அதைப் பேசி முடிக்கும் தரகருக்கும் அதில் இடமே இல்லை. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் சேர்க்கப்பட்டன என்று நாம் மகிழ்ந்தோம். அது தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலை போன்றவற்றையும்தான். வயலில் கொடி நட்டு மனை போடுவது அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு பெரிய தவறான நம்பிக்கை, "பதிவு ஆகிவிட்டது, ஆகவே நிலம் சுத்தம்" என்பது. பதிவு செய்யும் அலுவலர் விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்பவர் அல்லர். முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-அ என்றொரு விதி இருந்தது. அது செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்பதே காரணம். ஆவண எழுத்தர் சொன்னதை எழுதுகிறார். அப்படியானால் அந்த நிலத்தின் மெய்யான வரலாற்றை வாங்குபவருக்குச் சொல்ல எஞ்சியிருப்பவர் யார்? பல குடும்பங்களுக்குத் தரகரின் வாய்ச்சொல் ஒன்றுதான். "எல்லாம் கிளியர் சார்" என்ற மூன்று சொற்களின்மேல் ஆயுட்காலச் சேமிப்பை வைக்கிறோம்.

அந்த மூன்று சொற்களுக்குள் மறைக்கப்படுவனவற்றில் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன், ஏனெனில் அது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பஞ்சமி நிலம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரு போன்ற மிஷனரிமார் அதே கோரிக்கைக்காக விடாமல் எழுதியும் பேசியும் வந்தார்கள். 1892இல் அரசாணை 1010 பிறந்தது. மாகாணம் முழுவதும் அப்படி ஒப்படைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படிப் பிறர் கைக்குப் போயின? ஆயுதத்தோடு போனவை சில. அதிகம் போனது காகிதத்தோடு: கடன் பத்திரம், குத்தகைப் பத்திரம், பெயர் மாற்றம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு தரகர், இரு சாட்சிகள். மிஷனரிமார் யாருக்காக மன்றாடினார்களோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் சபைகளில் பெரும்பான்மையோர். "விலை மலிவு, காகிதம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் அப்படிப்பட்ட நிலத்தைக் காட்டும்போது, வாங்க முன்வருகிறவர்களில் வேதாகமத்தைக் கையில் பிடித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். தெரியாது என்று சொல்லுவதற்கு இடமில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டம் ஆகாப் கைக்கு வந்ததும் ஒழுங்கான விசாரணை, இரண்டு சாட்சிகள், முத்திரையிட்ட கடிதங்கள் என்னும் வழியாகத்தான்.

எனக்குச் சொல்லப்பட்ட மறுப்புகளுக்கு வருகிறேன். "வழிகாட்டி மதிப்பு அரசாங்கமே வைத்தது, அதன்படி பதிவு செய்வது எப்படித் தவறாகும்?" என்று ஒரு மூப்பர் கேட்டார், படித்தவர். வழிகாட்டி மதிப்பு என்பது குறைத்து எழுதுவதைப் பிடிப்பதற்கான அளவுகோல்; குறைத்து எழுதுவதற்கான அனுமதி அல்ல. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் 27ஆம் பிரிவு, கொடுக்கப்பட்ட விலை முழுமையாகவும் உண்மையாகவும் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும் என்கிறது. நிலப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுக்கிறது. சில விலக்குகள் தவிர, மீறினால் பெற்ற தொகை அளவுக்கே அபராதம். இராயனுக்குரியதை இராயனுக்குக் கொடுக்கச் சொன்னவர் வழிகாட்டி மதிப்பு வரை மட்டும் என்று சொல்லவில்லை.

"விற்பவர் ரொக்கம் கேட்கிறார், இல்லையென்றால் நிலம் கிடைக்காது" என்பது இன்னொன்று. கிடைக்காவிட்டால் போகட்டும். இதைவிட மென்மையாக இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"இருபுறக் கூலி இல்லாவிட்டால் தரகர் எப்படிப் பிழைப்பார்?" இது நியாயமான கேள்வி. யார் அவரை அமர்த்துகிறாரோ அவர் நான்காகவே கொடுக்கட்டும். மற்றவரிடம் அவர் கை நீட்ட வேண்டாம். நிலம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அலைந்த நாளுக்குக் கூலி பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் உங்கள் பக்கம் நிற்கிறது. முகவர் தன் எஜமானுக்குச் சரியான கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 213ஆம் பிரிவு. எஜமானுக்குத் தெரியாமல் தன் சொந்த லாபத்துக்காக நடத்தினால் அந்த லாபத்தை எஜமான் கேட்டு வாங்கலாம் என்கிறது 216. ஒப்படைத்த வேலையில் முறைகேடு செய்த முகவருக்கு அதற்கான கூலியே கிடையாது என்கிறது 220. நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கும் சட்டம்.

அப்படியானால் அந்தத் தாயார் ஏன் வழக்குப் போடவில்லை? நானும் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, பதினைந்து லட்சம் வாங்கினேன் என்று நீங்கள் முதலில் சொல்ல வேண்டுமே, பத்திரத்தில் ஆறு லட்சம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போதகர் ஐயாவும் போட்டிருக்கிறார்" என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். நாங்கள் சேர்ந்து எழுதிய பொய், நாங்கள் நியாயம் கேட்கக்கூடிய ஒரே வாசலையும் அடைத்து வைத்திருந்தது.

தரகரை நேரில் போய்ப் பார்த்தேன். மறுக்கவில்லை. "தொழில் ஐயா, எல்லாரும் செய்வதுதான்" என்றார். நீங்களும் அதே வார்த்தையைச் சொல்லித்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்பது போல் அவர் பார்வை இருந்தது. சகேயுவைப் பற்றிப் பேசினேன். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்ன அந்த வரி வசூல்காரரும் நடுவில் நின்று எடுத்துக்கொண்டவர்தானே. தரகர் ஒரு லட்சம் கொண்டுவந்து கொடுத்தார். மீதி இதுவரை வரவில்லை. வாங்கியவரிடமும் போனேன். நிலத்துக்கு உண்டான விலையை முழுவதும் கொடுத்துவிட்டேன் என்றார், அது உண்மைதான். தீர்வையில் மிச்சம் பிடித்த தொகையைப் பற்றிக் கேட்டபோது, அது அரசாங்கத்தோடு தமக்குள்ள காரியம் என்றார். நான் சாட்சி போட்டவன் என்பதால் அதற்கு மேல் பேச என் வாய் அடைத்துப் போயிற்று.

அதன் பிறகு ஒரு தீர்மானம் எடுத்தேன். உண்மை விலை எழுதப்படாத எந்தப் பத்திரத்திலும் சாட்சியாகக் கையொப்பமிடுவதில்லை. அப்படி வாங்கிய மனையில் அடிக்கல் நாட்ட ஜெபிப்பதில்லை. இதுவரை ஏழு குடும்பத்தார் கேட்டார்கள். பத்திர நகலைக் கொண்டுவரச் சொன்னபோது நான்கு குடும்பத்தார் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒரு குடும்பம் வேறு ஊழியரை அழைத்து ஜெபித்துக்கொண்டது. அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை இருக்கைகள் காலியாக இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். போதகருக்கு என்ன ஆயிற்று என்று பேசிக்கொள்ளுகிறீர்கள் என்பதும் என் காதுக்கு வந்தது.

வருகிற மாதத்திலிருந்து இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரும் நம் சபையின் வழக்கறிஞர் சகோதரர் ஒருவரும் போதகர் அறையில் அமர்ந்திருப்பார்கள். நிலம் வாங்கவோ விற்கவோ போகிறவர்கள் பட்டா, தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு வரலாம். கட்டணம் இல்லை. தரகர்களும் வரலாம், எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்கமாட்டோம். வரும்போது, பேசிய விலையை ஒரு தாளில் முழுமையாக எழுதிக்கொண்டு வாருங்கள்.